பேர் எழுதிட்டா பொறுப்பு வந்துடுமா?

கொஞ்ச நாளா ஆணி ஜாஸ்தி, கடைப்பக்கம் தலைகாட்ட முடியலை. இன்னிக்கு எழுத உட்கார்ந்ததும் ஆணியைப் பத்தித்தான். டெக்னிக்கல் மொக்கைன்னு தாண்டிப் போயிடாதீங்க மக்களே. பொட்டி தட்டாதவங்களுக்கும் புரியற மாதிரியே சொல்றேன். கோவம் இருக்கு, ஆனா அதுல பாதி என் மேலயே.

எங்க ஏரியா தெரியும்ல? சிங்கப்பெருமாள் கோயில்ல இருந்து ஸ்ரீபெரும்புதூர் போற ரோடு, நடுவுல ஒரகடம். ரெண்டு பக்கமும் கார் கம்பெனி, லாரி கம்பெனி, அதுங்களுக்கு உதிரி பாகம் செஞ்சு தர்ற கம்பெனி. இந்த ஃபேக்டரிகள்ல பலதுல மெஷினுக்கு மெஷின் ஒரு சின்னப் பலகை தொங்கும். 'பொறுப்பாளர்'னு போட்டு ஒரு பேர், பாஸ்போர்ட் சைஸ் ஃபோட்டோ. டி.பி.எம்.னு ஜப்பான்காரங்க கிட்ட இருந்து வந்த முறை. மெஷினை ஓட்டறவரே தினமும் துடைச்சு, எண்ணெய் போட்டு, நட்டு லூசான்னு பார்த்து, தன் பிள்ளை மாதிரி வச்சுக்கணும். இதுக்கு 'ஜிஷு ஹோசென்'னு பேரு. யோசனை அருமையானதுதான்.

ஆனா பலகையில சிரிக்கிற பையன் பயிற்சிக் காலம் முடிஞ்சு ஊருக்குப் போய் எட்டு மாசம் ஆயிருக்கும். பலகை மட்டும் ஆடிட்டுக்குப் பளபளன்னு துடைச்சு வச்சிருப்பாங்க. நான் இதைப் பார்த்துப் பார்த்து சிரிச்சிருக்கேன். அதே பலகை என் கழுத்துல தொங்கினப்பதான் சிரிப்பு நின்னுச்சு.

கதைக்கு வர்றேன். நான் வேலை பார்க்கற கம்பெனி வண்டிக்கான சென்சார் பாகங்கள் பண்ணுது. வண்டிக்குள்ள இருக்கற குட்டிக் குட்டி கம்ப்யூட்டர்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்க 'கேன்'னு ஒரு கம்பி வழி இருக்கு. லினக்ஸ்ல இதுக்கான 'சாக்கெட்கேன்' ஃபோக்ஸ்வாகன் ஆராய்ச்சிப் பிரிவு ஆரம்பிச்சு வச்சது, 2008ல வந்த 2.6.25 பதிப்புல கெர்னலுக்குள்ள சேர்ந்தது. அந்தக் கம்பியில ஓடற எண்களை மனுஷனுக்குப் புரியற மாதிரி பிரிச்சுக் காட்ட, பல ஊர்ல இருக்கற ஒரு அஞ்சாறு பேர் சேர்ந்து பைத்தான்ல ஒரு சின்ன திறமூலக் கருவி எழுதி வச்சிருக்கோம். மொத்தம் 64 ஃபைல். எங்க கம்பெனி சோதனை மேடையிலயும் அதுதான் ஓடுது. சம்பளம் கிடையாது, ராத்திரி சாப்பிட்டதுக்கு அப்புறம் பண்ற வேலை.

போன வருஷம் எங்க திட்டத்தோட பெரியண்ணன் ஒருத்தர் (பேரு வேணாம், நல்ல மனுஷன்) ஒரு விதி கொண்டு வந்தார். "பொறுப்பாளர் இல்லாம ஒரு ஃபைல் கூட இருக்கக் கூடாது." கேக்க நல்லாத்தானே இருக்கு? எல்லாரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

யாரைப் போடறது? அதுக்கு ஒரு ஸ்கிரிப்ட். 'கிட் பிளேம்'னு ஒரு வசதி இருக்கு. ஒவ்வொரு வரியையும் கடைசியா தொட்டது யாருன்னு சொல்லும். எந்த ஃபைல்ல யார் பேர்ல அதிக வரி இருக்கோ, அவர்தான் அந்த ஃபைலுக்குப் பொறுப்பு. யாரையும் கேக்கலை. ஓடவிட்டாங்க. ரெண்டு செகண்டுல 64 ஃபைலுக்கும் ஆள் ரெடி.

அதுல 41 ஃபைல் எனக்கு!

நான் அவ்ளோ பெரிய பிஸ்தாவான்னு கேக்காதீங்க. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை வெட்டியா இருந்தப்ப, எல்லா ஃபைலையும் ஒரே மாதிரி இடைவெளி விட்டு அழகுபடுத்தற கருவி ஒண்ணை ஓட்டினேன். முக்கால்வாசி வரியை 'தொட்டது' நான்தான். தெருவுல எல்லா வீட்டுக்கும் சுண்ணாம்பு அடிச்சவன் பேர்ல பட்டா எழுதின கதை. மீதி 23ல ஒன்பது ஃபைல், திட்டத்தை விட்டே போயிட்ட மூணு பேர் தலையில.

அடுத்த வாரத்துல இருந்து மெயில் கொட்ட ஆரம்பிச்சுது. 41 ஃபைல்ல எதைப் பத்தி யார் தும்மினாலும் எனக்கு மெயில். ஆபீஸ்ல ஆணி, வீட்டுல தங்கமணி முறைப்பு. பத்து நாள் தாங்கினேன். பதினோராம் நாள் ஒரு ஃபில்டர் போட்டு எல்லாத்தையும் தனி ஃபோல்டருக்குத் தள்ளினேன். 'சனிக்கிழமை பார்த்துக்கலாம்'. எந்த சனிக்கிழமைன்னு சொல்லலை பாருங்க.

அந்த ஃபோல்டருக்குள்ள ஒரு மெயில் ஒன்பது வாரம் கிடந்துச்சு. புனேல இருந்து ஒருத்தர் தெளிவா எழுதியிருந்தார். புதுப் பதிப்புல ஒரு வகை சிக்னல்ல மைனஸ் எண்ணை மைனஸா படிக்க மாட்டேங்குது, 12 பிட்ல வர்ற -1ஐ 4095னு காட்டுதுன்னு. திருத்தமும் கூடவே அனுப்பியிருந்தார். மொத்தமே நாலு வரி.

எங்க சோதனை மேடையில அந்த நேரத்துல அதே புதுப் பதிப்பு. சென்சாரை மாட்டினதும் முதல்ல பூஜ்யத்துல நிக்குதான்னு ஒரு சோதனை. பூஜ்யம்னா அச்சு அசல் பூஜ்யமா நிக்காது, +1க்கும் -1க்கும் நடுவுல லேசா ஆடும். படிக்கற நொடியில +1 இருந்தா பச்சை லைட். -1 இருந்தா 4095, சிவப்பு லைட், ரிஜெக்ட். அதே பாகத்தைக் கழட்டி மறுபடி மாட்டினா பச்சை. ஆபரேட்டர் திரையில எண் தெரியாது, லைட் மட்டும்தான்.

பழி யார் மேல விழும்? மேடையில நின்ன டிரெய்னி பையன் மேல. "பாகத்தை ஒழுங்கா உக்கார வைக்கத் தெரியலை." டிப்ளமோ முடிச்ச பையன், செய்யாறு பக்கம். ரெண்டு மூணு தடவை என்கிட்டயே வந்து சொன்னான். "சார், லைட்டு தானா சிவப்பாவுது சார். நான் ஒண்ணும் பண்ணலை." ஒரு கோடு போட்ட நோட்டுல ரிஜெக்ட் ஆன பாகத்தோட நம்பர், நேரம், ரெண்டாவது தடவை பாஸ் ஆச்சா இல்லையான்னு எல்லாம் வரிசையா எழுதி வச்சிருந்தான். நான் நோட்டைப் புரட்டிட்டு, "ஃபிக்சரைத் துடைச்சுப் பாரு தம்பி"ன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

அவன் ஷிஃப்டுல ரிஜெக்‌ஷன் ஜாஸ்தின்னு பயிற்சிக் காலத்தை நீட்டிக்கலை. போயிட்டான். அதுக்கு மூணு வாரம் கழிச்சுத்தான் நான் அந்த ஃபோல்டரைத் திறந்தேன். ஃபைலுக்குப் பொறுப்பாளர்னு என் பேர் இருந்துச்சு. மேடைக்குப் பொறுப்பாளர்னு அவன் ஃபோட்டோ தொங்கிச்சு. வேலை போனது யாருக்குன்னு பாருங்க.

இப்ப விவாதத்துக்கு வர்றேன். பெரியண்ணன் கட்சி என்ன சொல்லுது? "பேர் இல்லாட்டி யாரும் பார்க்க மாட்டாங்க. எல்லாருக்கும் பொதுன்னா யாருக்கும் சொந்தமில்லை." இது தப்பில்லை. பொதுக் குழாய்ல வாஷர் போனா யார் மாத்தறாங்க? ஆனா அந்த மெயிலை எழுதினவர் இடத்துல இருந்து யோசிங்க. பேர் இல்லைன்னா, நாலு பேர்கிட்ட கேட்டிருப்பார், பொதுக் குழுவுல கத்தியிருப்பார். பேர் இருந்ததால 'உரியவர்கிட்ட சொல்லியாச்சு'ன்னு நிம்மதியா காத்திருந்தார். வெத்து இடத்தை விட பொய்ப் பேர் மோசம்னு நான் சொல்றது இதனாலதான். வெத்து இடம் ஆளைத் தேட வைக்கும், பொய்ப் பேர் தேடறதை நிறுத்திடும்.

லினக்ஸ் கெர்னலைப் பாருங்க. அதுல 'மெயின்டெய்னர்ஸ்'னே ஒரு ஃபைல் இருக்கு, இருபதாயிரம் வரிக்கு மேல. எந்தப் பகுதிக்கு யார், எந்தெந்த ஃபைல் அவர் கணக்குன்னு பட்டியல். எனக்குப் பிடிச்சது அதுல இருக்கற 'நிலை'ங்கற வரி. அஞ்சு தினுசு. சம்பளம் வாங்கிட்டு ஒருத்தர் பார்க்கறார், சம்பளம் இல்லாட்டியும் நிஜமாவே ஒருத்தர் பார்க்கறார், ஆள் இருக்கார் ஆனா நேரமில்லை, எப்பவாவது கை வைப்பார், அநாதை, காலாவதி. எவ்ளோ நேர்மை பாருங்க! உலகத்துல பாதி மெஷின் ஓடற ஒரு மென்பொருள், இந்தப் பகுதிக்கு எங்ககிட்ட ஆளில்லைன்னு வெளிப்படையா எழுதி வைக்குது. 64 ஃபைல் வச்சிருக்கற நமக்கு என்ன கௌரவம்?

அநாதைன்னு எழுதினா மானம் போயிடுமா? 2019ல ஃப்ளாப்பி டிரைவரை லினஸ் டோர்வால்ட்ஸ் அநாதைன்னு குறிச்சார். பார்த்துக்கிட்டிருந்தவர் கிட்ட வேலை செய்யற ஃப்ளாப்பியே இல்லை! அந்தப் பலகையைப் பார்த்து அப்புறம் இன்னொருத்தர் தானா முன்வந்து எடுத்துக்கிட்டார். அதுவும் 'எப்பவாவது கை வைப்பேன்'ங்கற நிலையில, உள்ளதைச் சொல்லி. 2021ல இட்டானியம் சிப்புக்கான பகுதியை அதே மாதிரி அநாதைன்னு குறிச்சாங்க. எடுத்து நடத்த ஆள் அமையலை, 2024 ஜனவரியில வந்த 6.7 பதிப்புல மொத்தமா தூக்கிட்டாங்க. ஒண்ணுக்குத் தத்து, இன்னொண்ணுக்கு மரியாதையான அடக்கம். யாரோ ஒருத்தர் பேரை ஒப்புக்கு ஒட்டி வச்சிருந்தா ரெண்டுமே நடந்திருக்காது.

டெபியன்காரங்க இன்னும் ஒரு படி மேல. ஒரு பொதியைப் பார்த்துக்கறவர் 'உதவி வேணும்'னு பலகை வைக்கலாம், 'யாராவது எடுத்துக்குங்க'ன்னு வைக்கலாம், 'அநாதை'ன்னு விட்டுட்டும் போகலாம். மூணுக்கும் தனித்தனி முறை. ஆள் காணாமப் போயிட்டாரான்னு விசாரிக்கவே ஒரு குழு வச்சிருக்காங்க.

கெர்னல்லயும் 'கிட்' வரலாற்றைப் பார்த்து ஆள் சொல்ற ஸ்கிரிப்ட் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு, 2009ல இருந்து. ஆனா அது முதல்ல பட்டியலைத்தான் பார்க்கும். பட்டியல்ல ஆள் இல்லாதப்பதான் வரலாறு. அதுவும் யாருக்கு மெயில் அனுப்பலாம்னு யோசனை சொல்லத்தான், யாரையும் பொறுப்பாளர் ஆக்க இல்லை. நாங்க பண்ணின கூத்து, அந்த யோசனையை அப்படியே எடுத்துப் பட்டியலாக்கிட்டது.

கிட்ஹப்ல 2017ல 'கோட்ஓனர்ஸ்' வந்துச்சு. அதுல ஒரு பொடி. ஒரு ஃபைலுக்கு ரெண்டு வரி பொருந்தினா, கடைசியா இருக்கற வரிதான் செல்லும். யாரோ கீழ பொதுவா ஒரு வரி சேர்த்தா, மேல கவனமா எழுதின பேரெல்லாம் சத்தமில்லாம செல்லாக்காசு. அனுமதி போன ஆளோட பேரும் அப்படித்தான், வரி இருக்கும், வேலை செய்யாது. பலகை பளபளன்னு இருக்கும்.

சரி, இதெல்லாம் வெள்ளைக்காரன் கதைன்னு நினைக்கறவங்களுக்கு, எங்க காஞ்சிபுரம் மாவட்டத்துக் கதை ஒண்ணு. உத்திரமேரூர் கல்வெட்டு. பராந்தக சோழன் காலம், கி.பி. 919லயும் 921லயும் வெட்டினது. குடவோலைத் தேர்தல்னு ஸ்கூல்ல படிச்சு மார்க் வாங்கியிருப்போம். அது எதுக்குத் தேர்தல்? ஊர்ப் பொறுப்புகளைப் பார்த்துக்கற வாரியங்களுக்கு. அதுல ஏரி வாரியமும் ஒண்ணு, ஆறு பேர். ஒரு ஏரிக்குப் பராமரிப்பாளர் போடறது எப்படின்னு ஆயிரத்து நூறு வருஷம் முன்னாடியே யோசிச்சிருக்காங்க. பொறுப்பு 360 நாள்தான். கடந்த மூணு வருஷத்துல வாரியத்துல இருந்தவங்க மறுபடி வர முடியாது. முன்னாடி இருந்துட்டு கணக்குக் காட்டாதவங்களுக்கும், அவங்க சொந்தக்காரங்களுக்கும் கூட இடமில்லை.

பழம்பெருமை பேசலை மக்களே. நிலமும் சொந்த மனையில வீடும் வேதப் படிப்பும் இருந்தாத்தான் பானைக்குள்ள பேர் போகும். அது பிராமண ஊர்ச் சபை. ஏரிக்குள்ள இறங்கி மண் சுமந்தவன் பேர் எந்த ஓலையிலயும் இருந்திருக்காது. அதையும் சேர்த்தே சொல்றேன். ஏன்னா நம்ம திட்டத்துலயும் அதேதான் நடக்குது. பானைக்குள்ள போற பேரெல்லாம் பி.இ., பி.டெக். மேடையில நின்னு நோட்டுல எழுதினவன் பேர் எங்கயும் இல்லை. பொறுப்புக்குக் காலக்கெடுவும் கணக்கும் வேணும்னு அவங்க கண்டுபிடிச்சதை எடுத்துக்கணும், யாரை வெளியே நிறுத்தினாங்களோ அதை விட்டுடணும். நாம எடுத்துக்க வேண்டியதை விட்டுட்டு விட வேண்டியதைப் பிடிச்சுக்கிட்டோம்.

'எப்படியாவது இடத்தை நிரப்பு'ங்கற அவசரம் எங்க கொண்டு விடும்னு 2024ல உலகமே பார்த்துச்சு. எக்ஸ்.இசட்.னு ஒரு சுருக்கும் கருவி. லாசெ கொலின்னு ஒருத்தர் வருஷக்கணக்கா சம்பளமில்லாம தனியா பார்த்துக்கிட்டிருந்தார். 2022ல, வேலை மெதுவா நடக்குது, இன்னொரு ஆளைப் போடுன்னு முகம் தெரியாத பேர்கள்ல இருந்து மெயில் மேல மெயில். மனசு சரியில்லை, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலைன்னு அவர் எழுதியும் பார்த்தார். கடைசியில 'ஜியா டான்'ங்கற பேர்ல நல்ல பிள்ளையா உதவிக்கிட்டிருந்த ஆளுக்குப் பொறுப்புல பங்கு போச்சு. 5.6.0, 5.6.1 பதிப்புகள்ல திருட்டுக் கதவு வச்சது அந்த ஆள்தான். லாகின் ஆக அரை செகண்ட் கூட ஆகுதேன்னு தோண்டிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் மார்ச் 29 அன்னிக்கு வெளியே சொன்னதால தப்பிச்சோம். இந்த நாடகம் முழுக்க பட்டியல்ல பொறுப்பாளர் பேர் இருந்துச்சு. பேருக்குப் பின்னாடி இருந்த மனுஷனைத்தான் யாரும் பார்க்கலை.

திட்டறதோட நிறுத்தினா நான் பதிவர், எஞ்சினியர் இல்லை. :-) அதனால எங்க திட்டத்துல நான் வச்ச கோரிக்கை:

1. கேட்டுட்டுப் போடு. சம்மதம் சொல்லாத பேர் பட்டியல்ல இருக்கக் கூடாது. எழுதினவரே பார்த்துக்கணும்னு சட்டமில்லை.

2. பொறுப்பு கொடுத்தா அதிகாரமும் கொடு. ஒரு திருத்தத்தைச் சேர்க்கவும் வேண்டாம்னு சொல்லவும் முடியாத ஆள் பொறுப்பாளர் இல்லை, பலியாடு.

3. ஒரு வருஷம்தான். தொடர விருப்பம்னு அவரே திரும்ப எழுதலைன்னா பேர் தானா உதிரணும். விலகறவருக்கு ஒரு நன்றி வரி. குபர்னெட்டிஸ்ல விலகின பெரியவங்களுக்குன்னே தனி இடம் வச்சிருக்காங்க, அது மாதிரி.

4. ஆளில்லாத ஃபைலுக்கு 'அநாதை'ன்னு கொட்டை எழுத்துல போடு. அதுல வர்ற மெயில் பொதுக் குழுவுக்கே போகட்டும்.

5. சோதிச்சுச் சொல்றவங்க பேரையும் எழுது. கெர்னல் பட்டியல்ல பொறுப்பாளர் தவிர 'பரிசீலிப்பவர்'னு தனி வரி உண்டு. நம்ம கருவியை தினம் எட்டு மணி நேரம் ஓட்டறவனை விட யார் பரிசீலிக்கப் போறா?

பெரியண்ணன் சும்மா விடலை. "நீ சொல்றபடி பண்ணினா எத்தனை ஃபைல் அநாதையாகும் தெரியுமா? வெளியாளுங்க பார்த்தா திட்டம் செத்துப் போச்சுன்னு நினைப்பாங்க"ன்னார். எண்ணிப் பார்த்தோம். ஒவ்வொருத்தரையா கேட்டதுல 26 அநாதை. நானே 41ல மூணை மட்டும் வச்சுக்கிட்டேன், அந்த மைனஸ் எண் ஃபைலையும் சேர்த்து. 26ங்கறதைப் பார்க்க அசிங்கமாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த 26ம் நேத்தே அநாதைதான். இன்னிக்கு எழுதினோம், அவ்ளோதான். புனே நண்பர் ரெண்டை எடுத்துக்கிட்டார், எங்களைத் திட்டிட்டே. மீதி 24 அப்படியே நிக்குது. விதி இன்னும் முழுசா ஏத்துக்கப்படலை, சண்டை நடந்துட்டிருக்கு.

அந்தப் பையனைத் தேடிப் பிடிச்சேன். இப்ப வல்லம் வடகால் பக்கம் வேற கம்பெனியில டிரெய்னி. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "நோட்டு உங்ககிட்டயே இருக்கா சார்?"னான். இருக்கு. அதுல குறிச்சிருந்த ரிஜெக்ட் அத்தனையையும் பழைய பதிவுகளோட ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒண்ணு கூட அவன் தப்பில்லை. அதை எழுதி எங்க டேமேஜருக்கு மெயில் அனுப்பினேன். பதில் வரலை.

பரிசீலிப்பவர் வரியில உன் பேரைப் போடட்டுமான்னு கேட்டேன். "எனக்கு பைத்தான் எல்லாம் தெரியாதே சார்"னான். லைட் தப்பா எரியுதுன்னு சொல்லத் தெரியும்ல, அது போதும்னேன். யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கான்.

அவன் சரின்னு சொல்ற வரைக்கும் அந்த இடம் காலியாவே இருக்கும். இந்தத் தடவை கேக்காம யார் பேரையும் எழுதறதா இல்லை.

டிஸ்கி: உங்க திட்டத்துலயும் இப்படி ஒரு பட்டியல் இருந்தா இன்னிக்கு ராத்திரியே திறந்து உங்க பேர் எங்கெங்க இருக்குன்னு பாருங்க. அப்படியே அந்த ஃபில்டர் ஃபோல்டரையும் ஒரு தடவை.